குளிர்காலத்தை மறந்த செடி

நுவரெலியாவுக்குச் சுற்றுலா போய்வரும் திருகோணமலைக்காரர்கள் லீக்ஸ் கட்டோடும் கரட் பையோடும் திரும்புவார்கள். பாதிப் பேருடைய மடியில் ஒரு ரோசாக் கன்றும் இருக்கும். லீக்ஸும் கரட்டும் அந்தக் கிழமைக்குள் கறியாகிவிடும். ரோசா கொஞ்சம் கூடுதலாக நாள் எடுத்துக்கொண்டு சாகும்.

எங்கள் வீட்டுக்கும் ஒரு சித்திரை விடுமுறையில் அப்படியொன்று வந்தது. வழியோரத்தில் கறுப்புப் பொலித்தீன் பையில் நின்ற கன்று; கிண்ணம் அளவில் ஒரு சிவப்புப் பூ, பக்கத்தில் இரண்டு மொட்டு. 1868 மீட்டர் உயரத்திலிருந்து கடல் மட்டத்துக்கு அது ஒரே பகலில் இறங்கியது. மொட்டு இரண்டும் மரியாதைக்கு விரிந்தன. வைகாசியில் இலை சுருண்டது. ஆடியில் கிளைகள் நுனியிலிருந்து கறுத்துக்கொண்டு கீழே வந்தன. ஆவணியில் கன்று செத்துவிட்டது என்று பிடுங்கப் போனால், மண்ணுக்குச் சற்று மேலே தண்டில் இருந்த முடிச்சுக்குக் கீழிருந்து ஒரு பச்சைத் தளிர் கிளம்பியிருந்தது.

வீட்டில் எல்லோருக்கும் சந்தோசம். தளிர் கிளையாகி, கிளை கொடியாகி, வேலியில் ஏறியது. ஆறு வருடம் நின்றது. கச்சான் காற்றில் வாடவில்லை, மாரி மழையில் அழுகவில்லை. ஒரு மொட்டுக்கூட விடவுமில்லை. பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று தீர்ப்புச் சொன்னார்: "இது ஆம்பிளைக் கண்டு பிள்ளை. வெட்டி எறி."

ரோசாவில் ஆண் கன்று, பெண் கன்று கிடையாது. ஒரே பூவுக்குள் மகரந்தமும் சூலகமும் இருக்கின்றன. ஆகவே மாமி சொன்ன காரணம் பிழை. ஆனால் அது பூக்காது என்று சொன்னாரே, அது முழுக்கச் சரி. இந்த ஊரில் அது எத்தனை வருடம் நின்றாலும் பூக்காது. காரணத்தைக் கண்டுபிடிக்க ரோசாவுக்குப் பருவகாலம் என்றால் என்ன என்ற கேள்விக்குள் போகவேண்டும்.

*

ரோசா வளர்ப்பு நூல்களில் பெரும்பாலானவை குளிர்நாட்டில் எழுதப்பட்டவை, அல்லது அங்கு எழுதியதைப் பார்த்து எழுதப்பட்டவை. அந்த நாட்காட்டியில் செடிக்கு ஒரு தூக்கம் உண்டு. பனிக்காலத்தில் இலை உதிர்த்துப் படுக்கும், குளிர் முடியும் தறுவாயில் கவ்வாத்து செய்வார்கள், வெயில் வந்ததும் எழும்பும். லண்டனில் ஆனி மாதத்து நீண்ட பகல் பதினாறரை மணி நேரம். மார்கழியின் குறும்பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. காலம் மாறுகிறது என்று செடிக்கு வேறு யாரும் சொல்லத் தேவையில்லை.

திருகோணமலை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எட்டரைப் பாகையில் இருக்கிறது. இங்கே மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரம்தான். வருடத்தின் மிகக் குளிரான இரவில்கூட வெப்பமானி இருபது பாகைக்குக் கீழே இறங்கத் தயங்கும். வெளிச்சமும் வெப்பமும் செடிக்கு ஒரு செய்தியும் சொல்வதில்லை. காலத்தைச் சொல்வது காற்று. ஐப்பசிக்குப் பின் கடலிலிருந்து வாடை. வைகாசி முதல் தரையிலிருந்து கச்சான். ஒன்று நனைத்துக் கொல்லப் பார்க்கும், மற்றது உலர்த்திக் கொல்லப் பார்க்கும். நடுவே தையிலிருந்து பங்குனி வரை ஒரு சின்ன இடைவெளி. நம்முடைய ரோசா வாழ்க்கை முழுவதும் அந்த இடைவெளிக்குள் நடந்தாகவேண்டும்.

அப்படியானால் தூக்கமே இல்லாத ஊரில் ரோசா எப்படிப் பூக்கிறது? உண்மையில், பழைய ஐரோப்பிய ரோசாக்கள் இங்கு பூக்காது. காலிக்கா, அல்பா என்று அவர்கள் கொண்டாடிய வகைகள் வருடத்துக்கு ஒருமுறை, குளிர் போனபின், சில வாரங்கள் மட்டும் பூப்பவை. 18ஆம் நூற்றாண்டு முடியும் வரை ஐரோப்பியத் தோட்டங்களில் இருந்தவை ஏறக்குறைய எல்லாம் அப்படித்தான். டமாஸ்க் வகையில் ஒன்று மட்டும் இலையுதிர் காலத்தில் கொஞ்சம் மறுபடி பூக்கும். அதற்கே பெரிய மதிப்பு.

மாற்றம் சீனாவிலிருந்து வந்தது. சீனத் தோட்டங்களில் நூற்றாண்டுகளாக மாதாமாதம் பூக்கும் ரோசாக்கள் இருந்தன. கிழக்கிந்தியக் கம்பனிக் கப்பல்கள் அவற்றை மேற்கே கொண்டுபோயின. 1792 அளவில் ஒரு கருஞ்சிவப்பு, அடுத்த ஆண்டு ஓர் இளஞ்சிவப்பு, 1809இலும் 1824இலும் தேயிலை மணம் வீசும் இரண்டு வகைகள். சில கன்றுகள் கல்கத்தாத் தாவரவியல் தோட்டத்தில் தங்கிப் போனதால் ஐரோப்பாவில் இவற்றுக்கு வங்காள ரோசா என்றே ஒரு பெயர் ஒட்டிக்கொண்டது. 1793இல் இங்கிலாந்தில் பூத்த அந்த இளஞ்சிவப்புக்கு இன்றைய பெயர் ஓல்ட் பிளஷ். இரண்டு வருடம் கழித்து 1795இல் அதே ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலைக் கோட்டையைப் பிடித்தார்கள். மிளகுக்கும் கறுவாவுக்கும் போட்ட சண்டை வரலாற்றில் எழுதப்பட்ட அளவுக்கு, அதே கப்பல்களின் மேல்தளத்தில் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றப்பட்ட இந்தச் சட்டிகள் எழுதப்படவில்லை.

சீன ரோசா ஏன் ஓயாமல் பூக்கிறது என்பதற்கு மரபணு அளவில் விடை கிடைத்தது 2012இல்தான். பிரான்சின் ஆஞ்சே நகரில் ஃபாப்ரிஸ் ஃபூஷேயின் குழுவினரும் ஜப்பானிய ஆய்வாளர்களும் சேர்ந்து கண்டது இது. (நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழில் மரபணுவுக்குப் பரம்பரையலகு என்று பெயர், இப்போது மரபணுவே வென்றுவிட்டது.) ரோசாவில் கே.எஸ்.என் என்று ஒரு மரபணு இருக்கிறது. பூக்காதே என்று தண்டின் நுனிக்குக் கட்டளை கொடுப்பது அதன் வேலை. காட்டு ரோசாவில் குளிர் முடிந்து முதல் தளிர் வரும்போது இந்தக் கட்டளை தளர்ந்திருக்கும், செடி பூக்கும். வெயில் ஏற ஏறக் கட்டளை வலுக்கும். பூ நின்று வெறும் கொடி நீளும். அடுத்த குளிர் வந்து போகும்வரை அவ்வளவுதான். சீன ரோசாவில் அந்த மரபணுவின் நடுவே வேறொரு மரபணுத் துணுக்கு வந்து செருகிக்கொண்டது. மரபுப் பொருளுக்குள் தன்னைத்தானே பிரதி எடுத்து இடம் மாறிப் போய் உட்காரும் துணுக்குகள் எல்லா உயிரிலும் உண்டு. தாவும் மரபணு என்பார்கள். அது உட்கார்ந்த இடத்தில் கே.எஸ்.என் வேலை செய்யாமல் போனது. பிரேக் அறுந்த சைக்கிள் மாதிரி, செடி விடுகின்ற ஒவ்வொரு கிளையின் முடிவிலும் ஒரு பூவை வைக்கத் தொடங்கியது.

நாம் கடையில் வாங்கும் ரோசா அநேகமாக எல்லாம் அந்தப் பழுதின் வாரிசுகள். குளிர்காலம் வரும்வரை காத்திரு என்ற உத்தரவு அவற்றிடம் இல்லை. அதனால்தான் குளிர்காலம் வரவே வராத ஊரிலும் பூக்கின்றன. ஓல்ட் பிளஷ்ஷின் முழு மரபணுத் தொகுதியும் 2018இல் வாசிக்கப்பட்டது. ஏழு சோடி நிறமூர்த்தங்கள், மனிதனுக்கு இருப்பதில் மூன்றிலொன்றுக்கும் குறைவு.

இந்தக் கதையில் இந்து சமுத்திரத்துக்கு இன்னொரு பங்கும் உண்டு. இன்று ரியூனியன் என்று அழைக்கப்படும் பிரெஞ்சுத் தீவுக்கு அக்காலத்தில் பூர்போன் என்று பெயர். அங்கே தோட்ட வேலிகளில் ஓல்ட் பிளஷ்ஷும் இருமுறை பூக்கும் டமாஸ்க்கும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. 1817 அளவில் அந்த வேலியில் இரண்டுக்கும் பிறந்த ஒரு கன்று கண்ணில் பட்டது. விதை பாரிசுக்குப் போய் ஒரு பெரிய வம்சமானது. தமிழ்நாட்டில் மாலைக்கும் பன்னீருக்கும் பயிராகும் எட்வர்ட் ரோசா அந்தப் பூர்போன் வம்சம்தான். வெப்பக் கடலின் தீவொன்றில், வேலியில், யாரும் திட்டமிடாமல் பிறந்தது என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பிரியம். நுவரெலியாவிலிருந்து எதைக் கொண்டுவந்தாலும், நம்முடைய மண்ணுக்கு உறவு அதுதான்.

*

கச்சான் என்றால் எங்கள் ஊரில் வறுத்து விற்கும் கடலையும் உண்டு, வைகாசியில் எழும் காற்றும் உண்டு. கடலை இனிக்கும்.

அந்தக் காற்று ஏன் இவ்வளவு சுடுகிறது? தென்மேல் பருவக்காற்று அரபிக் கடலிலிருந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு இலங்கையின் மேற்குக் கரைக்கு வருகிறது. நடுவே மலைநாடு மறிக்கிறது. ஏற ஏறக் காற்று குளிர்ந்து, மேகமாகி, மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிடும். நீராவி நீராகும்போது தன்னிடமிருந்த வெப்பத்தைக் காற்றிலேயே விட்டுவிடுவதால், மழை பெய்துகொண்டே ஏறும் காற்று 1000 மீட்டருக்கு 5 அல்லது 6 பாகைதான் குளிர்கிறது. ஈரமிழந்து கிழக்கே இறங்கும்போது கணக்கு மாறிவிடும். 1000 மீட்டருக்கு 10 பாகை வீதம் சூடேறும். ஏறும்போது இழந்ததைவிட இறங்கும்போது கூடுதலாகப் பெற்றுக்கொண்டு, சமவெளியைக் கடந்து, அது நம் முற்றத்துக்கு வந்துசேரும். மேற்குச் சரிவின் கினிகத்தேனையில் குடைபிடித்துக்கொண்டு நடக்கும் அதே நாளில் எங்கள் பக்கத்துச் சீனன்குடாவில் தார் உருகுவது இதனால்தான். ஆனி மாதத்தில் இங்கே சராசரியாக 30 மி.மீ. மழைகூடக் கிடைப்பதில்லை.

இலைக்கு இது என்ன செய்கிறது என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தை மாதக் காலையில் 27 பாகை வெப்பம், 85 வீத ஈரப்பதன் என்று வைத்துக்கொள்வோம். ஆனி மாதப் பிற்பகலில் 35 பாகை, 50 வீதம். வெப்பமான காற்று கூடுதலான நீராவியைக் கொள்ளும். அதில் பாதி வெறுமையாகவும் இருக்கிறது. காற்று இன்னும் எவ்வளவு நீராவியை உறிஞ்சத் துடிக்கிறது என்று இரண்டுக்கும் கணக்கிட்டால், பின்னது முன்னதைவிட ஐந்து மடங்குக்கும் மேல். வெப்பமானி எட்டுப் பாகைதான் ஏறியது. காற்றின் தாகம் ஐந்து மடங்கானது. வேரால் அந்த வேகத்துக்குத் தண்ணீர் கொடுக்க முடியாது. செடி இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். மூடினால் தண்ணீர் மிஞ்சும். ஆனால் கரியமில வாயு உள்ளே வராது, உணவு செய்ய முடியாது. இரவிலும் வெப்பம் குறையாததால் சேமித்த மாச்சத்தைச் சுவாசம் தின்றுகொண்டே இருக்கும். பகலில் சம்பாத்தியம் இல்லை, இரவில் செலவு குறையவில்லை. எங்கள் சிவப்பு ரோசா கறுத்துக்கொண்டு வந்ததன் கணக்கு இதுதான்.

ஆகவே இந்த ஊரில் ரோசா தூங்கும் காலம் ஏதாவது இருந்தால் அது கச்சான் காலம். ஐரோப்பாவில் பனிக்காலத்துக்குச் செய்யும் மரியாதையை இங்கே ஆனி, ஆடிக்குச் செய்யவேண்டும். பூவை எதிர்பார்க்கக்கூடாது. வரும் மொட்டைக் கிள்ளிவிடலாம். வந்தாலும் இதழ் குறைந்து, சிறுத்து, சாயம் போனதாகத்தான் இருக்கும். சிவப்பு தரும் அந்தோசயனின் வெப்பத்தில் குறைவாக உண்டாகிறது, உண்டானதும் சிதைகிறது. கத்தரிக்கோலைத் தொடவே கூடாது. இலை அடர்ந்திருந்தால்தான் தண்டுக்கு நிழல். வெட்டித் திறந்துவிட்டால் தண்டின் தோல் வெயிலில் வேகும். மேற்குப் பக்கம் இரண்டு கிடுகு கட்டி மறைத்தால் போதும். பச்சை நிழல்வலை வாங்க முடிந்தவர் வாங்கலாம். கறுப்புப் பொலித்தீன் பையில் விட்டுவைப்பது வேரை அவிப்பதற்குச் சமம். அடியில் பொச்சுமட்டையைக் கவிழ்த்து அடுக்கி, மேலே வைக்கோல் போட்டால் மண் குளிர்ந்திருக்கும்.

இலையின் மேற்பரப்பில் ஊசியால் குத்தினதுபோல் வெளிறிய புள்ளி தெரிந்தால், திருப்பிப் பாருங்கள். தூசி நடக்கும். அது சிற்றுண்ணி. 30 பாகை வெப்பத்தில் அதன் ஒரு தலைமுறை ஏறக்குறைய ஒரு கிழமையில் முடிந்துவிடும். ஒரு பெண் நூறு முட்டை அளவில் இடும். கச்சான் அதற்குப் பெருநாள். பூச்சி என்று நினைத்துக் கண்ட கிருமிநாசினியையும் அடித்தால், உண்ணியைத் தின்னும் உண்ணிகள்தான் முதலில் சாகும். விடியற்காலையில் குழாய்த் தண்ணீரை இலையின் அடிப்பக்கம் விசையாகப் பீச்சினால் கூட்டம் கலைந்துவிடும். மூன்று நாளைக்கொருமுறை செய்தால் வேறு மருந்து வேண்டியிருக்காது.

தண்ணீர் என்றதும் இந்த ஊரின் அடிப்படைப் பிரச்சினைக்கு வருகிறோம். ஓர்ஸ் ஹில் என்று ஆங்கிலத்தில் எழுதும் இடத்துக்குத் தமிழில் உவர்மலை. அடுத்த ஊர் உப்புவெளி. பெயரிலேயே உப்பைக் கட்டிக்கொண்ட நிலத்தில்தான் நாம் ரோசா நட ஆசைப்படுகிறோம். அதுவோ தோட்டச் செடிகளில் உப்பைத் தாங்கமாட்டாத இனம்.

கரையோர மணலில் நல்ல தண்ணீர் கடல்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்நீர் உப்பால் கொஞ்சம் கனம். லீற்றருக்கு 25 கிராம் அளவில் கூடுதல். அந்தச் சின்ன வித்தியாசத்தால், கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஒரு அடி நின்றால், அதன் கீழே நாற்பது அடிக்கு நல்ல தண்ணீர் இறங்கியிருக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. மறுபக்கம் பாருங்கள்: கச்சானில் இறைத்து இறைத்து நீர்மட்டம் ஒரு அடி குறைந்தால், அடியிலுள்ள உப்பு நீர் காலப்போக்கில் நாற்பது அடி மேலேறப் பார்க்கும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாடன் கைபன் என்ற ஒல்லாந்து இராணுவப் பொறியியலாளர் இதைக் கணக்கிட்டார். பிறகு ஹெர்ஸ்பெர்க் என்ற ஜெர்மானியர் தனியாக அதே முடிவுக்கு வந்தார். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் கிழக்குக் கரைக் கிணறுகளில் கடல் புகுந்தபிறகு, அவசரமாக இறைத்துக் கொட்டினால் நல்ல தண்ணீர் வருவதற்குப் பதில் அடியிலிருந்து உப்பு ஏறும் என்பதைப் பலர் தங்கள் கிணற்றிலேயே கண்டார்கள்.

ஒரு லீற்றருக்கு ஒரு கிராம் உப்புள்ள தண்ணீர் நாக்குக்கு லேசாகத்தான் தெரியும். பெரிய ரோசாச் செடி ஒன்றுக்குக் கச்சானில் நாளுக்கு பத்து லீற்றர் ஊற்றுகிறோம் என்று வைப்போம். செடி தண்ணீரைக் குடிக்கும். உப்பை மண்ணிலேயே விட்டுவிடும். நூறு நாளில் அந்தச் செடியின் காலடியில் ஒரு கிலோ உப்பு. இலையின் ஓரம் மட்டும் தீய்ந்து பழுப்பாவதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீரோடு கொஞ்சம் உப்பும் ஏறி, நீர் ஆவியாகும் கடைசி விளிம்பில் தங்கிப்போவதன் அடையாளம் அது. அதைப் பார்த்துவிட்டுப் பசளை போதவில்லை என்று ஒரு கைப்பிடி யூரியா போடுவார்கள். பசளையும் உப்புதான். கச்சானில் எந்தப் பசளையும் வேண்டாம். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைப்பட்டபோது நெல் பட்ட பாடு தெரியும். முற்றத்து ரோசாக்களுக்கு ஆட்டுப் புழுக்கையும் மக்கிய மாட்டெருவும் போதுமென்றிருந்தது.

*

ஐப்பசியில் காற்று திரும்புகிறது. முதல் இடிமழை விழுந்த மண்ணில் நிற்கும்போது எல்லாப் பிரச்சினையும் தீர்ந்ததுபோல் இருக்கும். வேரைப் பொறுத்தவரை அது உண்மை. நவம்பர், டிசம்பர் இரண்டு மாதங்களில் மட்டும் இங்கே சராசரியாக 600 மி.மீ.க்கு மேல் பெய்கிறது. லண்டன் ஒரு முழு ஆண்டில் காணும் மழை அவ்வளவுதான். ஒரு சதுர மீட்டரில் 300 மி.மீ. மழை என்றால் 300 லீற்றர் உப்பில்லாத தண்ணீர். கச்சானில் நாமாகக் கொண்டுவந்து கொட்டிய ஒரு கிலோ உப்பைக் கழுவி அடியில் இறக்கிவிட்டுப் போவது அதுதான். கிணறும் மறுபடி இனிக்கும்.

இலைக்கு மட்டும் அதே மழை யமன். கரும்புள்ளி நோயைத் தரும் பூஞ்சையின் வித்து இலைமேல் விழுந்தால் மட்டும் முளைக்காது. இலை தொடர்ந்து ஏழு மணி நேரமாவது நனைந்திருக்கவேண்டும். ஐரோப்பாவில் சில பனி இரவுகளில் அது நடக்கும். இங்கே மாரியில் மூன்று நாள் வெயிலே இருக்காது. உதிர்ந்த இலையில் மழைத்துளி விழுந்து தெறிக்கும்போது வித்துகள் மேலே ஏறுகின்றன. முதலில் அடியிலைகள், பிறகு படிப்படியாக மேலே. கறுத்த வட்டம், அதைச் சுற்றி மஞ்சள், பிறகு உதிர்வு. கார்த்திகை விளக்கீட்டுக்கு முன் சில செடிகள் மொட்டையாகிவிடும். பூஞ்சைக்கொல்லி அடிக்கலாம், அடுத்த மழை கழுவிக்கொண்டு போகும். விழுந்த இலையைத் தினமும் பொறுக்கி எரிப்பது அலுப்பான வேலை. ஆனாலும் பலன் அதில்தான். செடிக்கும் செடிக்கும் நடுவே ஓர் ஆள் நடக்க இடம் விட்டால் காற்று உள்ளே புகுந்து இலையை உலர்த்தும்.

தமிழ் நூல்களில் இந்த இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. தமிழ்நாட்டில் ரோசாவுக்குக் கவ்வாத்துக் காலம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை என்று எழுதியிருப்பார்கள். ஓசூர் போன்ற மேட்டுநிலத்துக்கு அது பொருந்தும். அதை நம்பி இங்கே கார்த்திகையில் வெட்டினால், வெட்டுவாய் ஒவ்வொன்றும் நாள்கணக்கில் நனைந்து, அதன் வழியே பூஞ்சை இறங்கி, கிளை மறுபடி கறுத்துக்கொண்டு வரும். ஒருமுறை நானே செய்தேன். எட்டுச் செடியில் மூன்று மிஞ்சியது. மாரிக்கு முன் புரட்டாதியில், கச்சான் கொன்றுபோட்ட காய்ந்த குச்சிகளை மட்டும் எடுத்து, நடுவைத் திறந்துவிட்டால் போதும். பெரிய வெட்டு மழைக்குப் பிறகு.

தண்ணீர் தேங்குவது வேறு ஆபத்து. ஒட்சிசன் காற்றில் பரவுவதைவிட நீரில் ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவும். மண் துளைகள் நிரம்பிவிட்டால் வேருக்கு மூச்சில்லை. மணல் பகுதியில் இது தொல்லையில்லை. களிமண் உள்ள வளவுகளில் ஓர் அடி மேடை கட்டி நடுவதே வழி. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரவிப் புயல் குச்சவெளிப் பக்கம் கரையேறியபோது, ஒடிந்த கிளையைவிட ஆடிய அடித்தண்டுதான் கூடுதலான செடிகளைக் கொன்றது. காற்று உலுப்பினால் வேரைச் சுற்றிக் குழி விழுந்து, அதில் நீர் நிற்கும். காலால் மிதித்து மண்ணை இறுக்கிவிட்டவர்களின் செடிகள் பிழைத்தன.

வெப்பத்தையும் வெள்ளத்தையும் தாங்கும் ரோசா இயற்கையில் இல்லாமலில்லை. வங்காளத்தின் ஆற்றோரச் சதுப்பில் ரோசா கிளைனோபில்லா என்ற வெள்ளைப் பூ இனம் மழைக்காலம் முழுவதும் தண்ணீரில் கால் வைத்து நிற்கிறது. கொடைக்கானலில் இந்திய ஆட்சிப் பணியை விட்டுவிட்டு ரோசா இனக்கலப்பில் இறங்கிய வீரராகவன், மனைவி கிரிஜாவோடு சேர்ந்து பல பத்தாண்டுகளாக இதையும், வடகிழக்கு மலைகளின் ரோசா ஜைஜான்ஷியாவையும் தோட்ட வகைகளோடு கலந்து, வெப்ப நாட்டுக்கான ரோசாக்களை உருவாக்கிவந்தார். உலக ரோசாத் தொழில் இன்னும் குளிர்நாட்டுப் பெற்றோரையே சுற்றிக்கொண்டிருக்கும்போது, இது நம்முடைய வேலை என்று எடுத்துச் செய்தது ஒரு தமிழ் மலையூரில் நடந்திருக்கிறது. அந்தக் கன்றுகள் நம் ஊர்ப் பூக்கன்றுக் கடைகளுக்கு வரவேண்டும். வருவதெல்லாம் இன்னமும் நுவரெலியாவிலிருந்துதான்.

*

மார்கழி கடைசியில் ஒரு நாள் வானம் வெளுக்கும். வாடை ஈரம் குறைந்து வரும். திருவெம்பாவை முடிந்து பொங்கலுக்கு முன், இரண்டு மூன்று நாள் தொடர்ந்து வெயில் அடித்தால், அதுதான் நாள்.

கத்தரிக்கோல் என்ன செய்கிறது? கிளையின் நுனி ஒக்சின் என்ற பொருளைச் செய்து கீழே அனுப்பிக்கொண்டேயிருக்கும்; அது வந்துகொண்டிருக்கும்வரை கீழுள்ள கண்கள் உறங்கும். நுனியை வெட்டினால் வரத்து நிற்கிறது, கண்கள் விழிக்கின்றன. ரோசாவுக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. அதன் கண் இருட்டில் விழிப்பதில்லை. வெளிச்சம் கண்ணின் மேலேயே படவேண்டும். பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2008இல் இதைக் காட்டினார்கள். நடுக் கிளைகளை எடுத்துவிட்டுக் கிண்ணம்போல் செடியைத் திறக்கச் சொன்ன பழைய தோட்டக்காரர்களுக்கு ஒக்சின் தெரியாது, ஆனால் கண்ணுக்கு வெயில் வேண்டும் என்பது தெரிந்திருந்தது. முழங்கால் உயரத்துக்கு, வெளிப்பக்கம் பார்க்கும் கண்ணுக்குக் கால் அங்குலம் மேலே, சரிவாக வெட்டவேண்டும். ஐரோப்பாவில் பனி செய்கிற வேலை, இலையைக் கழற்றிச் செடியை ஒரு முறை முதலிலிருந்து தொடங்கவைப்பது, இங்கே நம் கையில் இருக்கிறது.

வெட்டிய நாளிலிருந்து ஆறு ஏழு கிழமையில் பூ. பொங்கலுக்கு முன் வெட்டினால் மாசியில் முதல் பூ. காய்ந்த பூக்களை உடனுக்குடன் கிள்ளினால் சித்திரை வருடப்பிறப்புக்கு இரண்டாவது சுற்று. பசளை போடும் காலமும் இதுதான். மக்கிய எருவும் வேப்பம் புண்ணாக்கும் பதினைந்து நாளைக்கொருமுறை கொஞ்சம் கொஞ்சமாக. மணல் எதையும் பிடித்துவைக்காது, ஒரேயடியாகப் போட்டால் கிணற்றுக்குத்தான் போகும். கிளிஞ்சல் துகள் கலந்த மணலில் புதிய இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால், மண்ணில் இரும்பு இருந்தும் காரத்தன்மையால் வேருக்குக் கரைந்து கிடைக்கவில்லை என்று பொருள். மக்கிய எருவைக் கூட்டினால் கொஞ்சம் சரியாகும். இரவு குளிர்ந்து விடியலில் பனி இறங்கும் இந்த நாட்களில் தளிரில் வெள்ளைத் தூள் படியலாம். இது இன்னொரு பூஞ்சை. வேடிக்கை என்னவென்றால் கரும்புள்ளிக்கு ஆகாதது இதற்கு ஆகும். இலை நனைந்திருந்தால் இதன் வித்து சரியாக முளைக்காது.

மாசி மாதத்துப் பூவை விடியலில் பார்க்கவேண்டும். குளிர்ந்த நாட்களில் உருவான மொட்டில் இதழ் கூடுதலாக இருக்கும், நிறம் ஆழமாக இருக்கும், வாசனை இன்னும் ஆவியாகிப் போயிருக்காது. ரோசா வாசனையின் முக்கியப் பங்கான ஜெரானியோலைச் செடி எந்த நொதியால் செய்கிறது என்று 2015இல் கண்டுபிடித்தபோது ஆய்வாளர்களே வியந்தார்கள்; மற்ற மணச் செடிகள் போகும் வழியை விட்டு, ரோசா தனக்கென்று வேறொரு வழியில் அதைச் செய்கிறது. ஒன்பது மணிக்கு மேல் வெயில் ஏறினால் வாசனை கடல் பக்கம் போய்விடும்.

*

வேலியில் ஏறிய அந்தப் பூக்காத கொடிக்கு வருவோம். அதன் இலைக்காம்பின் அடியில் இரண்டு சின்னச் செதில்கள் இருந்தன. மற்ற ரோசாக்களில் பெரும்பாலும் அவை ஓரம் நேராக இருக்கும். இதில் சீப்புப் பல்போல் கிழிந்திருந்தன. ரோசா மல்டிஃபுளோராவின் அடையாளம் அது. கிழக்காசியக் காட்டு இனம். வேர் பலமானது என்பதால், தோட்ட ரோசாவின் கண்ணை அதன் தண்டில் ஒட்டி விற்பார்கள். எங்கள் தண்டில் இருந்த முடிச்சு அந்த ஒட்டு. மேலே ஒட்டிய சிவப்பு ரோசா கச்சானில் செத்தது. கீழேயிருந்த காட்டு வேர் பிழைத்தது. அதனுடைய கே.எஸ்.என் பழுதில்லாதது. குளிர் வந்து போகட்டும், பிறகு பூக்கிறேன் என்று, குளிரே இல்லாத ஊரில் ஆறு வருடமாகக் காத்துக்கொண்டிருந்தது.

மணல் நிலத்துக்கு ரோசா ஃபோர்ச்சுனியானா என்ற வேரை அமெரிக்காவின் புளோரிடாவிலும் மேற்கு அவுஸ்திரேலியாவிலும் விரும்புகிறார்கள். மணலில் விரிந்து ஓடும், வேர்ப்புழுக்களையும் தாங்கும். எனக்குக் கிடைத்ததோ இந்தக் காட்டு வேர்தான். ஆறு கச்சானைத் தாண்டியது என்ற சான்றிதழும் அதற்கு இருந்தது. மாமி வீட்டு முற்றத்தில் வருடம் முழுக்கப் பூக்கும் இளஞ்சிவப்பு ரோசா ஒன்று நிற்கிறது. தை மாதக் கடைசியில், பட்டை எளிதாகக் கழன்று வரும் பருவத்தில், அதன் கிளையிலிருந்து ஒரு கண்ணைச் சீவி எடுத்து, காட்டுத் தண்டில் கத்தியால் ஒரு குறுக்கும் ஒரு நெடுக்கும் கீறி, பட்டைக்கு அடியில் செருகி, பொலித்தீன் நாடாவால் சுற்றிக் கட்டினேன்.

"ஆம்பிளைக் கண்டுக்குக் கலியாணமோ?" என்றார் மாமி.

மூன்று கிழமை தண்ணீர் மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டாம் நாள் விடியலில் இருவருமாக நாடாவை அவிழ்த்தோம். கீறல் ஒட்டியிருந்தது, கண் பச்சையாக, நெல்மணி அளவுக்குப் பருத்திருந்தது.